எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

(காரமடையில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

    

இன்று உங்கள் முன் ஒரு கேள்வியை வைக்க வந்திருக்கிறேன். அகில இந்திய வானொலிக்கும் தூர்தர்ஷனுக்கும் அரசாங்கம் பணம் கொடுக்கிறதே, அது தேவைதானா? நமது வரிப்பணம் அதற்குப் போகத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியை இரண்டு தரப்பார் கேட்கிறார்கள். இரண்டு தரப்பாரும் இங்கேயே அமர்ந்திருக்கிறீர்கள். வணிகர்கள் கேட்கிறீர்கள்: "நஷ்டத்தில் ஓடும் கடையை மூடுவதுதானே புத்திசாலித்தனம்? இத்தனை தனியார் சேனல்களும் எஃப்.எம். நிலையங்களும் வந்த பிறகு அரசாங்கத்துக்கு இந்த வேலை எதற்கு?" இளைஞர்கள் கேட்கிறீர்கள்: "நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் படத்தைப் போடுகிற தொலைக்காட்சிக்கு நாம் ஏன் படியளக்க வேண்டும்?"

இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள். இரண்டுக்கும் விடை சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். ஆனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தை நிறுத்து என்று நாம் சொல்லக் கூடாது. வாங்குகிற பணத்துக்குரிய கடமையைச் செய் என்றுதான் சொல்ல வேண்டும்.

கோபத்தில் நியாயம் உண்டு

இளைஞர்களின் கோபத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது காரணமில்லாத கோபம் அல்ல. 2014 அக்டோபரில் ஆர்.எஸ்.எஸ். தலைவரின் விஜயதசமி உரையைத் தூர்தர்ஷன் நேரலையாக ஒளிபரப்பியது. 2017 சுதந்திர தினத்தன்று, திரிபுரா முதலமைச்சராக இருந்த மாணிக் சர்க்காரின் உரையை மாற்றித் தந்தால்தான் ஒலிபரப்ப முடியும் என்றார்கள். அவர் மறுத்தார், உரை வெளிவரவில்லை. 2023 பிப்ரவரியில், சங்கப் பரிவாரத்தோடு தொடர்புடைய இந்துஸ்தான் சமாச்சார் என்ற செய்தி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2024 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கி வந்த வேளையில், 'தி கேரளா ஸ்டோரி' என்ற படத்தைத் தூர்தர்ஷன் போட்டது. கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் எதிர்ப்புத் தெரிவித்தும் கேட்கவில்லை. அதே மாதத்தில் டி.டி. நியூஸ் சின்னம் காவி நிறத்துக்கு மாறியது. 2024 அக்டோபரில் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் நடந்த இந்தி மாத விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தின் ஒரு வரி விடுபட்டுப் போனது. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள்.

இவ்வளவும் நடந்தது உண்மை. ஆனால் நோய் இன்று நேற்று வந்ததல்ல. 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது வானொலியை அன்றைய ஆளுங்கட்சி தன் ஊதுகுழலாக ஆக்கிக்கொண்டது. 'ஆல் இந்தியா ரேடியோ'வை 'ஆல் இந்திரா ரேடியோ' என்று மக்கள் கேலி பேசினார்கள். ஆட்சியில் யார் அமர்ந்தாலும் அந்த ஒலிபெருக்கியின் மீது அவர்களுக்கு ஆசை வருகிறது. ஆகவே இது ஒரு கட்சியோடு தீர்ந்துவிடும் வியாதி அல்ல. கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வியாதி இருக்கிறது.

வியாதி இருந்தால் வைத்தியம் பார்க்க வேண்டும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினால் எலி பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடும். தெருவில் நிற்கப் போவது நாம்தான். அது எப்படி என்பதைத்தான் இனி விளக்கப் போகிறேன்.

கம்பெனி கைவிட்டது, மக்கள் காப்பாற்றினார்கள்

வானொலியை அரசாங்கம்தான் கொண்டுவந்தது என்று பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. நமது மாகாணத்தில் அதைத் தொடங்கியவர்கள் ஆர்வலர்கள். 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியில் சென்னையில் ஒரு ரேடியோ கிளப் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகள் ஒலிபரப்பினார்கள். 1927இல் கையில் பணம் இல்லாமல் நின்றுபோனது. ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1930இல் மாநகராட்சி மக்கள் பணத்தில் அதை மீண்டும் பேச வைத்தது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. அடுத்த ஆண்டில் திருச்சி நிலையம் வந்தது.

வடக்கிலும் இதே கதைதான். 1927 ஜூலையில் பம்பாயிலும் ஆகஸ்டில் கல்கத்தாவிலும் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் நிலையங்களைத் திறந்தது. ரேடியோ வைத்திருப்பவர்கள் ஆண்டுக்குப் 10 ரூபாய் லைசென்ஸ் கட்ட வேண்டும். அதில் பெரும்பங்கு கம்பெனிக்குப் போகும். மூன்று ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1930 மார்ச்சில் கம்பெனி திவாலானது. ஏப்ரலில் அரசாங்கம் ஏற்று நடத்தத் தொடங்கியது. 1931இல் உலகம் முழுவதும் பொருளாதார மந்தம். "செலவைக் குறைக்கிறோம், நிலையங்களை மூடுகிறோம்" என்றது வெள்ளைக்கார அரசாங்கம். பொதுமக்கள் எதிர்த்தார்கள். அரசாங்கம் பின்வாங்கியது. 1932 மே மாதத்தில் நிரந்தரமாகத் தொடர்வது என்று முடிவெடுத்தது.

சிந்தித்துப் பாருங்கள்! லாபம் இல்லை என்று கம்பெனி விட்டுவிட்டுப் போனது. செலவு அதிகம் என்று அந்நிய ஆட்சி மூடப் பார்த்தது. வேண்டும் என்று கேட்டவர்கள் மக்கள். இது ஆட்சியாளர்கள் நமக்குப் போட்ட பிச்சை அல்ல. மக்கள் கேட்டு வாங்கிக்கொண்ட சொத்து.

அந்தச் சொத்தை வளர்த்ததில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. 1936இல் 'ஆல் இந்தியா ரேடியோ' என்று பெயர் வைத்த பிறகு, 1940 முதல் நாடு விடுதலை பெறும் காலம் வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அகமது ஷா புகாரி. அவருடைய தம்பி சுல்பிகார் அலி புகாரியும் வானொலியின் ஆரம்பகாலத் தூண்களில் ஒருவர். ஆகவே இது யாரோ வேற்றாருடைய வீடு என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை.

நேயர் வாடிக்கையாளரா, சரக்கா?

இப்போது வணிகப் பெருமக்களின் கேள்விக்கு வருகிறேன். நஷ்டத்தில் ஓடும் கடையை மூடுவதுதானே நியாயம்?

வியாபாரம் உங்களுக்குத் தெரியும். அதனால் உங்கள் பாஷையிலேயே கேட்கிறேன். தனியார் சேனலில் பணம் கொடுப்பவர் யார்? பெரும்பாலும் விளம்பரதாரர். அப்படியானால் வாடிக்கையாளர் அவர்தான். விற்கப்படும் சரக்கு எது? வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் நீங்களும் நானும்தான். இத்தனை லட்சம் பேரை உன் சோப்புக்கு முன்னால் உட்கார வைக்கிறேன் என்பதுதான் அங்கே நடக்கும் வியாபாரம். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வியாபாரம் என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தத் தராசில் நாம் எவ்வளவு எடை நிற்போம்?

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம். நீலகிரி மலைகளில் வாழும் இருளர், குறும்பர், தோடர் மக்கள் அதைவிட மிகச் சிறிய கூட்டம். விளம்பரதாரரின் கணக்குப் புத்தகத்தில் இவர்களுக்கு என்ன இடம் கிடைக்கும்? பில்லூருக்கு மேலே மலைக் கிராமத்தில் இருக்கும் குடும்பத்துக்காக நிகழ்ச்சி தயாரித்தால் எந்த கார் கம்பெனி விளம்பரம் தரும்? சிறிய கூட்டத்துக்குச் செய்யும் சேவை லாபம் தராது. லாபம் தராததைச் செய்வதற்குத்தான் பொதுப்பணம்.

லாபம் தராது என்பதோடு நின்றாலும் பரவாயில்லை. பார்வையாளரைக் கூட்டுவதற்கு வெறுப்பு நல்ல சரக்காக ஆகிவிட்டது. 2020இல் கொரோனா வந்தபோது டெல்லி தப்லீக் ஜமாஅத் மாநாட்டை வைத்துப் பல தனியார் சேனல்கள் இரவு பகலாக என்ன பேசின என்பதை நீங்கள் மறந்திருக்க முடியாது. அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்ற கருத்தைச் சொல்லி வழக்குகளை ரத்து செய்தது. ஊடகங்களில் நடந்த பிரச்சாரத்தையும் கண்டித்தது. செப்டம்பரில், முஸ்லிம்கள் ஐ.ஏ.எஸ். தேர்வில் ஊடுருவுகிறார்கள் என்று சொன்ன சுதர்சன் டி.வி. தொடரின் எஞ்சிய பகுதிகளை ஒளிபரப்ப உச்சநீதிமன்றமே தடை விதித்தது. அந்தச் சேனல்களிடம் நீங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் கணக்குக் கேட்க முடியும்? "எங்கள் சேனல், எங்கள் முதல், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்" என்பார்கள்.

தூர்தர்ஷன் அப்படிச் சொல்ல முடியாது. ஏனென்றால் முதல் நம்முடையது. நாம் பங்குதாரர்கள். கடையில் கணக்குப்பிள்ளை தவறு செய்தால் பங்குதாரர் என்ன செய்வார்? கணக்கைக் கொண்டுவா என்பார். பங்கை எறிந்துவிட்டு வீட்டுக்குப் போக மாட்டார்.

இன்னொன்றும் கேட்கிறேன். காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் சாலை எவ்வளவு லாபம் தருகிறது? தெருவிளக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது? சாலை தனியாக லாபம் காட்டாது. சாலையால்தான் உங்கள் கறிவேப்பிலைக் கட்டும் வாழைத்தாரும் உருளைக்கிழங்கு மூட்டையும் லாபம் காட்டுகின்றன. செய்தியும் ஒரு சாலைதான்.

நம் ஊருக்கு வானொலி செய்தது என்ன?

இந்தச் சாலையால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். 1960களில் தஞ்சைத் தரணியில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகம் வந்தது. அதை எப்போது விதைப்பது, எவ்வளவு உரம் போடுவது என்று திருச்சி வானொலி விவசாயிகளுக்கு எடுத்துச் சொன்னது. மக்கள் அந்த நெல்லுக்கு வைத்த பெயரே 'ரேடியோ நெல்'! எந்த விளம்பரமும் அந்தப் பெயரை வாங்கித் தரவில்லை.

1966இல் நமக்கென்று கோவை வானொலி வந்தது. பல பத்தாண்டுகள் 999 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் கொங்கு நாட்டின் பேச்சும் பாட்டும் ஒலித்தன. பண்ணைக்குச் சொன்னது, ஆலைத் தொழிலாளிக்குச் சொன்னது, வீட்டிலிருக்கும் பெண்களுக்குச் சொன்னது. நமது பெருநாட்களிலும் நமக்கென்று நேரம் ஒதுக்கியது. ஒரு நிலையம் ஒரு வட்டாரத்தின் குரலாக இருந்தது.

கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையை உங்களில் மூத்தவர்கள் கேட்டிருப்பீர்கள். ரமலான் மாதத்தில் தமிழகத்துக் கடற்கரை ஊர்களும் அதற்குக் காது கொடுத்தன. அன்று ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த ஒரு சமுதாயத்துக்குத் தமிழிலே தனிச் சேவை. அதை நடத்தியது எந்த வியாபாரக் கம்பெனியும் அல்ல, அரசுக் கூட்டுத்தாபனம். சிறுபான்மைக்குப் பொது ஒலிபரப்பு என்ன செய்ய முடியும் என்பதற்கு நமக்கு வேறு சாட்சி வேண்டுமா?

"கையிலே செல்போன் இருக்கிறது, இனி வானொலி எதற்கு?" என்று தம்பிமார்கள் கேட்கலாம். செல்போனில் செய்தி வேகமாக வருகிறது. உண்மை. அதைவிட வேகமாக வதந்தி வருகிறது. 1997 நவம்பர் இறுதியிலும் 1998 பிப்ரவரியிலும் நமது கோவை பட்ட பாட்டை இங்கிருக்கும் பெரியவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். உயிர்கள் போயின. கடைகள் எரிந்தன. அப்போது வாட்ஸ்அப் இல்லை. அப்போதே எது செய்தி, எது வதந்தி என்று தெரியாமல் தெருத்தெருவாக மக்கள் தவித்தார்கள். இன்று அப்படி ஒரு நாள் வந்தால் (இறைவன் காப்பாற்றுவானாக!) ஒரு மணி நேரத்தில் என்னென்ன பரவும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. விசாரிப்பதற்கு ஓர் இடம் வேண்டாமா? தவறாகச் சொன்னால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் இடம் வேண்டாமா?

இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரியாது. தனியார் எஃப்.எம். நிலையங்கள் பெருகின. ஆனால் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அவற்றுக்கு உரிமை தராமலே வளர்த்தார்கள். 2019 முதல் அகில இந்திய வானொலியின் செய்தியை எடுத்து அப்படியே ஒலிபரப்பலாம் என்றார்கள், அவ்வளவுதான். ஆக, ரேடியோவில் செய்தி என்றால் அது மக்கள் பணத்தில் நடக்கும் வானொலியின் செய்திதான். பில்லூர் அணை நிரம்பிப் பவானியில் வெள்ளம் வருகிற நாளில், மின்சாரம் போய், செல்போன் கோபுரமும் ஊமையாகிவிட்டால், பேட்டரி ரேடியோவுக்கு எங்கிருந்து செய்தி வரும்? பாட்டுப் போடும் நிலையத்திலிருந்தா?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

இளைஞர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரசார் பாரதி சட்டம் 1990இல் நிறைவேறியது. ஏழு ஆண்டுகள் தூங்கியது. 1997இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆவது பிரிவு இந்த நிறுவனத்தின் கடமைகளைப் பட்டியல் போடுகிறது. பொதுநலன் சார்ந்த எல்லா விஷயங்களையும் உண்மையாகவும் நடுநிலையாகவும் அறிந்துகொள்ளும் குடிமக்களின் உரிமையைப் பாதுகாக்க வேண்டும். மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தனக்கென்று ஒரு கொள்கையைப் பிரச்சாரம் செய்யக் கூடாது. பல்வேறு வட்டாரங்களின் மொழிகளுக்கும் பண்பாடுகளுக்கும் போதிய இடம் தர வேண்டும். தொழிலாளர் உரிமையைக் காக்க வேண்டும். சிறுபான்மையினர், பழங்குடியினர் ஆகியோரின் தேவைகளை மனத்தில் கொண்டு தகுந்த நிகழ்ச்சிகளை வழங்க வேண்டும். இவை அத்தனையும் அந்தச் சட்டத்தில் எழுதி வைத்த கடமைகள்.

1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புத் தந்தது. வங்காள கிரிக்கெட் சங்கம் தொடர்ந்த வழக்கு அது. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்றார்கள் நீதிபதிகள். அதை அரசாங்கமும் ஏகபோகமாக வைத்துக்கொள்ளக் கூடாது, தனியாரும் தம் இஷ்டத்துக்கு ஆளக் கூடாது, பொதுநலனுக்காகப் பயன்பட வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஆகவே தூர்தர்ஷன் நம்மைக் காயப்படுத்தும்போது அது நம்மை மட்டும் மீறவில்லை. தன் சட்டத்தையே மீறுகிறது. "சட்டத்தை மீறாதே" என்று கேட்கும் நிலையில் நாம் இருக்கிறோம். தனியார் சேனலிடம் நமக்கு இந்தப் பிடிமானம் கிடையாது. பணத்தை நிறுத்து என்று சொன்னால் இந்தப் பிடிமானத்தையும் சேர்த்து விட்டுவிடுகிறோம்.

தலைக்குப் பதினெட்டு ரூபாய்

செலவு எவ்வளவு என்று வணிகர்கள் கேட்பார்கள். கணக்குப் பார்ப்போம். 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை, வானொலி, தூர்தர்ஷன் ஆகியவற்றின் கருவிகளையும் கட்டமைப்பையும் புதுப்பிக்க 2,539.61 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025-26 வரைக்குமான தொகை அது. வானொலியின் எஃப்.எம். ஒலிபரப்பு 68 சதவீத மக்களை எட்டுகிறது, அதை 80 சதவீதமாக ஆக்குவோம் என்றார்கள். தொகையைக் கேட்டால் தலை சுற்றும். 140 கோடிப் பேருக்கு வகுத்துப் பாருங்கள். தலைக்குப் பதினெட்டு ரூபாய்! பேக்கரியில் ஒரு டீயும் ஒரு பிஸ்கட்டும் சாப்பிடும் காசு. அதுவும் ஒரே நாளில் போவதல்ல, சில ஆண்டுகளுக்குச் சேர்த்து.

இங்கிலாந்தில் பி.பி.சி.க்காக ஒவ்வொரு தொலைக்காட்சி வீடும் லைசென்ஸ் கட்டணம் கட்டுகிறது. 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டு. நமது பணத்தில் ஏறத்தாழ 20,000 ரூபாய். அதை வைத்துத்தான் அந்த நிறுவனம் ஆளும் பிரதமரையே கேள்வி கேட்கிறது.

பணத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே 1967இல் சட்டம் போட்டுப் பொது ஒலிபரப்புக்கென்று ஒரு நிறுவனம் அமைத்தார்கள். 1,500க்கும் மேற்பட்ட உள்ளூர் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கு அது பணம் பகிர்ந்து தந்தது. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம், முன்பு ஒதுக்கிய சுமார் 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆகஸ்டில் அந்த நிறுவனம் கடையைக் கட்டத் தொடங்கியது. நியூயார்க் நகரத்து நிலையங்களுக்குக் கொடையாளர்கள் உண்டு. அலாஸ்கா போன்ற இடங்களில் பழங்குடிகளுக்கும் கிராமங்களுக்கும் சேவை செய்யும் சிறு நிலையங்களுக்கு யார் உண்டு? எங்கே பணம் நின்றாலும் முதலில் ஊமையாவது சிறியவனின் குரல்தான்.

கிரேக்க நாட்டிலும் 2013 ஜூனில் சிக்கனம் என்ற பெயரில் அரசு ஒலிபரப்பை ஒரே இரவில் நிறுத்தினார்கள். திரை இருண்டது. மக்கள் வீதிக்கு வந்தார்கள். 2015இல் மீண்டும் திறக்க வேண்டியதாயிற்று. மூடுவது ஓர் இரவு வேலை. திறப்பதற்கு இரண்டு ஆண்டுகள்.

மானியம் வேண்டும், கடிவாளம் வேண்டாம்

"பணம் கொடுப்பவன் சொல்வதைத்தானே பாடுவார்கள்? அரசாங்கம் பணம் கொடுத்தால் அரசாங்கத்தின் பாட்டுத்தானே வரும்?" என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான மடக்கு. பதில் இதுதான்: பணம் அரசாங்கத்தின் பணம் அல்ல, மக்களின் பணம். அது போகிற வழி சரியாக இருக்க வேண்டும்.

இப்போது என்ன நடக்கிறது? ஊழியர்களின் சம்பளத்தை மத்திய அரசு மானியமாகத் தருகிறது. நிகழ்ச்சி நடத்தும் செலவுக்குப் பெருமளவு நீங்களே சம்பாதியுங்கள் என்கிறது. விளைவு? ஆண்டுதோறும் அமைச்சகத்தின் வாசலில் நிற்கிறவன் எதிர்த்துப் பேச மாட்டான். சம்பாதிக்கச் சொன்னவன், சம்பாத்தியம் தராத உள்ளூர் நிகழ்ச்சியைத்தான் முதலில் வெட்டுவான். ஒரே இடத்தில் தயாரித்ததை எல்லா நிலையங்களும் அஞ்சல் செய்தால் செலவு குறையும். கோவையின் குரலும் சேர்ந்து குறையும். பெயரைக்கூட 2023 மே மாதம் முதல் எங்கும் 'ஆகாசவாணி' என்றே சொல்ல வேண்டும் என்றார்கள். தமிழனுக்கு அது வானொலிதான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஆண்டுக்கு ஆண்டு கையேந்த வைக்காமல், பல ஆண்டுகளுக்கான தொகையைச் சட்டத்தின் மூலமே நாடாளுமன்றம் உறுதிசெய்ய வேண்டும். இரண்டு, இரு அவைகளின் உறுப்பினர்கள் 22 பேர் கொண்ட குழு இந்த நிறுவனத்தைக் கண்காணிக்க வேண்டும் என்று பிரசார் பாரதி சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதை உயிரோடு இயங்க வைக்க வேண்டும். மூன்று, உள்ளூர் நிலையங்களின் நேரத்தை வெட்டக் கூடாது. நிகழ்ச்சிக்கென்று தனிப் பணம் வேண்டும்.

மக்களின் விருப்பத்தைக் கேட்காத நிலையத்துக்கும் பாடம் உண்டு. 1952இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று வானொலியில் அதை ஒடுக்கினார். மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியை வைத்தார்கள். 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி நேயர்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. பொதுப்பணம் வாங்குகிறோம் என்பதற்காக மக்களை மறந்தால் மக்களும் மறப்பார்கள். இதையும் அவர்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கைதட்டிவிட்டுக் கலைந்து போவதற்காக நான் இவ்வளவு பேசவில்லை. காரியம் வேண்டும்.

இளைஞர்களே, பிரசார் பாரதி தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடுங்கள். 12ஆவது பிரிவின்படி சிறுபான்மையினருக்கும் பழங்குடியினருக்கும் கடந்த ஆண்டில் கோவை நிலையம் எத்தனை மணி நேரம் ஒதுக்கியது, எவ்வளவு செலவிட்டது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். முகநூலில் ஆயிரம் வசவு எழுதுவதைவிட இந்த ஒரு தாள் கனமானது. தவறான நிகழ்ச்சி வந்தால் தேதி, நேரம் குறித்து நிலைய இயக்குநருக்கு எழுதுங்கள். நல்ல நிகழ்ச்சி வந்தாலும் எழுதுங்கள். பாராட்டுக் கடிதம் ஒரு நல்ல தயாரிப்பாளருக்குக் கேடயம்.

வெளியே நின்று கல்லெறிவதோடு நிற்காதீர்கள். உள்ளேயும் போங்கள். நல்ல குரலும் நல்ல தமிழும் உள்ளவர்கள் அறிவிப்பாளர் குரல் தேர்வுக்கு விண்ணப்பம் போடுங்கள். உரை எழுதத் தெரிந்தவர்கள் உரை எழுதுங்கள். நாம் ஒதுங்கிய நாற்காலி காலியாக இருக்காது. வேறொருவர் அமர்ந்துவிடுவார். பிறகு நம்மைப் பற்றி அவர்தான் பேசுவார்.

வணிகப் பெருமக்களே, திருமண சீசனில் தனியார் சேனலுக்கு எவ்வளவு விளம்பரம் தருகிறீர்கள்? அதில் ஒரு பங்கைக் கோவை வானொலிக்கும் தாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் அங்கேயும் இருக்கிறார். காட்டில் வேலை செய்துகொண்டே கேட்கிறார், லாரி ஓட்டிக்கொண்டே கேட்கிறார். வளைகுடாவில் இருக்கும் உங்கள் பிள்ளைகள் 'நியூஸ் ஆன் ஏர்' செயலி வழியாக ஊர்ச் செய்தியைக் கேட்கலாம்.

நமது காரமடை நீலகிரி நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. வாக்குக் கேட்டு வருகிறவரிடம் சாலை கேட்கிறோம், குடிநீர் கேட்கிறோம். இனி இதையும் கேளுங்கள்: "கோவை, உதகை வானொலி நிலையங்களுக்கு நிகழ்ச்சி நிதி எவ்வளவு வாங்கித் தந்தீர்கள்? நடுநிலையைக் காக்க என்ன பேசினீர்கள்?" இந்தக் கோரிக்கை நமக்கு மட்டும் உரியதல்ல. கறிவேப்பிலைத் தோட்டத்துக் கவுண்டருக்கும், மலையில் வாழும் இருளருக்கும், மில் தொழிலாளிக்கும் உரியது. அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். எல்லோருக்குமாகக் கேட்கும்போதுதான் நமது குரலுக்கும் மதிப்புக் கூடும்.

பணம் நம்முடையது, அலைவரிசை நம்முடையது, சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. இத்தனையையும் கையில் வைத்துக்கொண்டு, "மூடிவிட்டுப் போ" என்று நாமே சொன்னால், நம்மைப் பற்றித் தீங்கு பேசுகிறவர்கள்தான் மகிழ்ச்சியடைவார்கள். அவர்களுக்கு வேறு ஒலிபெருக்கிகள் நிறைய உண்டு. நமக்கும் மலையில் இருக்கும் நம் சகோதரனுக்கும் உரிமையோடு கேட்கக் கூடியது இது ஒன்றுதான். இதைக் காப்பாற்றுவோம், திருத்துவோம், நமக்கும் சேர்த்துப் பேச வைப்போம் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.